பெட்டி பதினேழுக்கு நான் கொடுத்த குரல்

எங்கள் கம்பெனியை விற்கப் போகிறார்களாம். மறுபடியும்.

நான் வேலையிலிருந்து ஓய்வுபெற்று ஆறு வருஷம் ஆகிறது. இன்னும் வாயில் "எங்கள் கம்பெனி" என்றுதான் வருகிறது. நாட்டின் கொடியை வாலில் தாங்கிப் பறக்கும் விமான நிறுவனம். நஷ்டத்தில் விழும்போதெல்லாம் அரசாங்கம் கைகொடுத்துத் தூக்கிவிடும், கொஞ்ச நாள் நடக்கும், திரும்ப விழும். அதை வெளிநாட்டு ஆட்கள் வாங்கலாம் என்ற பேச்சு பத்திரிகையில் வந்ததிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. மம்பா சந்தையில் மீன் வாங்கப் போனால் மீன்காரர், "என்னா கோபாலு, உங்க பிளேன விக்கிறாங்களாமே?" என்கிறார். என் பிளேனாம்! நான் என்னமோ வீட்டுப் பின்னால் கட்டிவைத்துத் தீனி போட்டுக்கொண்டிருந்த மாதிரி.

அந்த வாரம்தான் யாழினி போன் பண்ணினாள். நான் வேலை செய்த, விமானங்களைப் பழுதுபார்க்கும் ஹாங்கரில் அவள் இப்போது டெக்னீஷியன். என்னோடு ஒரே தோட்டத்தில் பிறந்து, ஒரே ஹாங்கரில் வேலை செய்த மணியத்தின் மகள்.

"அங்கிள், முன்ன ஒரு தடவயும் இப்படி வாங்க வந்தாங்களாமே? அது ஏன் கெட்டுப்போச்சு? இங்க ஆளாளுக்கு ஒரு கத சொல்றாங்க லா. யாரோ ஒரு டெக்னீஷியன் பண்ண வேலையாம். அப்பாகிட்ட கேட்டா எழுந்து வெளிய போயிடறாரு."

"எனக்கு இப்ப வேல இருக்கும்மா, அப்பறம் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். ஓய்வுபெற்றவனுக்கு என்ன வேலை? பாகற்காய்க்குப் பந்தல் கட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த 'யாரோ ஒரு டெக்னீஷியன்' நான்தான். அந்த விற்பனை கெட்டதற்கும், அதற்குப் பிறகு அவள் அப்பாவுக்கு வேலை போனதற்கும் நான்தான் காரணம் என்று இருபது வருஷத்துக்கு மேல் நம்பிக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட. அதை இப்போது எழுதுகிறேன் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது.

முதலில் பெரட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் பிறந்தது லிங்கிப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். விடிவதற்கு முன்னால் ஆபீஸ் முன்னே எல்லோரும் வரிசையாக நிற்க, கணக்கெழுதும் கிராணி பேர் வாசிப்பார். அதுதான் பெரட்டு. பேர் வாசிக்கும்போது ஆள் இல்லையென்றால் அன்றைக்கு வேலையில்லை. ஆனால் யாராவது காய்ச்சலில் கிடந்து தாமதமாக வருவார்கள், யாராவது முந்தின ராத்திரி குடித்துவிட்டு எழுந்திருக்காமல் கிடப்பார்கள். பக்கத்தில் நிற்கிற ஆள் அவருக்காக "இருக்கேங்க" என்று ஒரு குரல் கொடுத்துவிடுவார். கிராணிக்கும் தெரியும், வேலையை மேய்க்கிற மண்டோருக்கும் தெரியும். என் அப்பா இப்படி எத்தனை பேருக்குக் குரல் கொடுத்திருப்பார் என்று கணக்கில்லை. அது பொய் என்று தோட்டத்தில் யாரும் நினைத்ததில்லை. அது ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனுக்குச் செய்கிற காரியம்.

நானும் மணியமும் பள்ளியில் ஐந்தாம் பாரம் முடித்து, ஒரே நாளில் மனுப் போட்டு, ஒரே நாளில் பயிற்சிக்குச் சேர்ந்தோம். நாலு வருஷம். தகரத்தை அராவியே கைரேகை தேய்ந்துபோனது. ஆங்கிலப் புத்தகங்களை அகராதி வைத்துப் படித்தோம். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

ஹாங்கரில் சேர்ந்த முதல் நாளே ஒவ்வொருத்தனுக்கும் ஒரு கருவிப் பெட்டி கொடுத்தார்கள். எனக்குப் பதினாறு, மணியத்துக்குப் பதினேழு. பெட்டியின் தட்டுகளில் கனமான கறுப்பு ஸ்பாஞ்சு, அதில் ஒவ்வொரு கருவியின் வடிவத்துக்கும் ஒரு பள்ளம். பள்ளத்தின் அடியில் சிவப்பு. கருவி அதன் இடத்தில் இருந்தால் சிவப்பு தெரியாது, எடுத்துவிட்டால் அதே வடிவத்தில் சிவப்பாய்ப் பல்லைக் காட்டும். ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரை விமானத்துக்குள் மறந்து வைத்துவிட்டால், அது உருண்டு போய் வால் சுக்கானை இழுக்கிற கம்பிக் கயிற்றில் சிக்கலாம். சிக்கினால் விமானி பிடித்து இழுத்தாலும் விமானம் கேட்காது. அதனால் ஷிப்டு முடியுமுன் பெட்டிகளை எண்ண வேண்டும். எண்ணி முடிக்காமல், அந்த ஷிப்டில் தொட்ட எந்த விமானமும் பறக்கக் கூடாது.

எண்ணுகிறவர் என்சிக் ஹாஷிம், எங்கள் ஷிப்டுத் தலைவர். 'என்சிக்' என்றால் 'ஐயா' மாதிரி. ஒல்லியான மனிதர். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உட்பக்கம் கட்டியிருப்பார், கண்ணாடி விமானத்தில் உரசிவிடக் கூடாதென்று. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதேயில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் தாழ்ந்துவிடும். நாங்கள் காதைக் கிட்டக் கொண்டுபோக வேண்டியிருக்கும், அதுதான் தண்டனை. பேனா மூடியைக் கழற்றிப் பின்னால் செருகி, நம்பரை வாசிப்பார். பெட்டிக்காரன் தட்டு தட்டாகத் திறந்து பார்த்து, "அடா" என்று மலாயில் சொல்ல வேண்டும், எல்லாம் இருக்கிறது என்று அர்த்தம். சொன்ன பிறகு அவர் ஒரு மூச்சு நேரம் காத்திருப்பார், நாம் மாற்றிச் சொல்ல நினைத்தால் சொல்லட்டும் என்று. பிறகுதான் பேனா கீழே இறங்கும்.

மற்றவர்களெல்லாம் அவரவர் பெட்டியை அவரவர் பார்த்துத்தான் சொன்னார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் நாங்கள் ஏழெட்டுப் பேர் மட்டும் பெரட்டுக் களத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தோம். ஒருத்தன் சிகரெட் பிடிக்கப் போயிருப்பான், ஒருத்தன் கம்பெனி பஸ்ஸில் இடம் பிடிக்க ஓடியிருப்பான். பக்கத்துப் பெட்டிக்காரன் தலையை விமானத்துக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு "அடா" என்பான். மணியத்துக்கு நானும், எனக்கு மணியமும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறோம். ஒரு தடவைகூடக் கருவி குறைந்ததில்லை. அதனால் தைரியம்.

கம்பெனியை வாங்க முதல் தடவை ஆட்கள் வந்தது அந்தக் காலத்தில்தான். ஒரு வாரம் முழுக்க ஹாங்கரைச் சுற்றிப் பார்த்தார்கள். கோட்டு சூட்டுக்கு மேலே வெள்ளை ஹெல்மெட், கையில் கோப்பு. மேல்மாடத்தில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் வாங்கினால் கம்பெனி பிழைக்கும், வாங்காவிட்டால் ஆள்குறைப்பு நிச்சயம் என்று மேலிடம் வெளிப்படையாகவே சொல்லியிருந்தது. கேன்டீனில் சாமி கும்பிடாத ஆள் இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் இரண்டரை மணி. மணியமும் நானும் ஒரு விமானத்தின் வால் பகுதிக்குள் வேலையை முடித்து மூடினோம். விமானத்தை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள், நாலரைக்குப் பயணிகளோடு கிளம்ப வேண்டும். அப்போது ஆபீஸில் இருந்து ஆள் ஓடி வந்தான். மணியத்தின் மனைவிக்கு வலி எடுத்து, போர்ட்டிக்சன் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். ஏழு வருஷம் பிள்ளையில்லாமல் இருந்து தரித்த கர்ப்பம். மணியம் உடுப்புகூட மாற்றவில்லை. மோட்டார் சைக்கிளை நோக்கி ஓடிக்கொண்டே, "டேய், குரல் குடுத்துடுடா!" என்றான்.

"போடா போ, நான் பாத்துக்கறேன்!"

ஷிப்டு முடிகிற நேரத்தில் என்சிக் ஹாஷிம் வாசித்தார். பதினாறு. பார்த்து, அடா. பதினேழு. பார்க்காமல், அடா. அவர் ஒரு மூச்சு நேரம் காத்திருந்தார். பேனா இறங்கியது.

எல்லோரும் போன பிறகு அவன் பெட்டியைப் பூட்டலாமென்று குனிந்தேன். மேல்தட்டு சரியாக மூடவில்லை. திறந்தால், உள்ளங்கை நீளத்துக்கு ஒரு சிவப்பு. போல்ட்டு முடுக்குகிற சின்ன ராட்செட் இல்லை.

தட்டுகளையெல்லாம் இழுத்தேன், பெட்டிக்கு அடியில் பார்த்தேன், ஏணிக்கு அடியில் பார்த்தேன். இல்லை. அப்புறம் நான் என்ன செய்தேன் தெரியுமா? உடனே ஓடிப்போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். கேன்டீனுக்குப் போய் ஒரு தே-ஓ, பாலில்லாத தேத்தண்ணி, வாங்கி உட்கார்ந்தேன். அவன் எங்காவது வைத்திருப்பான், விமானத்தில் இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேல்மாடத்தில் வெள்ளை ஹெல்மெட்டுகள் நிற்கும்போதா விமானத்தை நிறுத்துவது? இத்தனை பேர் பிழைப்பு! அதுவும் மணியத்துக்குப் பிள்ளை பிறக்கிற நாளில்! அப்படியே இருபது நிமிஷம் ஓடியது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் தூரத்தில் அந்த விமானத்துக்குச் சாப்பாட்டு வண்டி ஏற்றுகிறார்கள். ஒரு குழந்தை ஜன்னல் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி எனக்குத் தோன்றியது. அவ்வளவு தூரத்தில் நிஜமாகவே தெரிந்திருக்காது. ஆனால் எனக்குத் தோன்றியது. எழுந்துவிட்டேன்.

என்சிக் ஹாஷிம் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். மூன்று கேள்வி கேட்டார், மலாயில், மிகவும் தாழ்ந்த குரலில்.

"என்ன கருவி?"

"கால் அங்குல ராட்செட், என்சிக்."

"கடைசியா எங்க பயன்படுத்தினீங்க?"

"வாலுக்குள்ள."

"பதினேழுக்கு அடா சொன்னது யாரு?"

"நான்தான், என்சிக்."

அவர் போனை எடுத்தார். மேலிடத்தைக் கேட்கவில்லை, வெள்ளை ஹெல்மெட்டுகள் பக்கம் திரும்பவுமில்லை. "அந்த விமானம் திரும்பி வரணும்" என்றார். எதிர்முனையில் யாரோ கத்துவது எனக்கே கேட்டது. அவர் அதே வாக்கியத்தை அதே குரலில் இன்னொரு தடவை சொன்னார், வைத்துவிட்டார். பிறகு என் முன்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, "நடந்ததை எழுதுங்க கோபால். நடந்தது மட்டும்" என்றார்.

பயணிகளை இறக்கி வேறு விமானத்தில் ஏற்றினார்கள். எங்கள் விமானத்தை வாங்க வந்தவர்களின் கண் முன்னாலேயே இழுத்துக்கொண்டு வந்தார்கள். வாலின் மூடிகளையெல்லாம் கழற்றினோம். டார்ச் அடித்து, கண்ணாடி விட்டு, கை விட்டு, இரண்டு மணி நேரம் தேடினோம். மணியத்தின் கைப்பேசியோ அவன் லாக்கருக்குள் அடித்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பேசினால், பிரசவ வார்டு வாசலில் அப்படி யாருமில்லை என்றார்கள். பதற்றத்தில் அந்தக் கழுதை வேறு வார்டு வாசலில் நின்றிருக்கிறான்.

ஆறரை மணிக்கு ஆபீஸ் போன் அடித்தது. எனக்குத்தான்.

"டேய் கோபாலு! பொண்ணுடா! பொண்ணு பொறந்திருக்குடா!"

"டேய், உன் பாக்கெட்ல கைய விட்டுப் பாருடா!"

"என்னாடா சொல்ற? பொண்ணுங்கிறேன்!"

"பாக்கெட்டப் பாருடா, உனக்குப் புண்ணியமா போவும்!"

உடுப்பைத் தடவுகிற சரசரப்பு கேட்டது. பிறகு, "ஐயோ" என்றான்.

முழங்கால் பாக்கெட்டில் இருந்திருக்கிறது. கிடைத்துவிட்டது என்று எல்லோரும் மூடிகளைத் திரும்ப மாட்ட எடுத்தார்கள். என்சிக் ஹாஷிம் கையைக் காட்டி நிறுத்தினார். "போன்ல கேட்டது எண்ணிக்கை இல்ல. கையில வரட்டும்." கம்பெனிக் கார் போர்ட்டிக்சனுக்குப் போய் ராட்செட்டை வாங்கிவந்தது. அவரே அதைப் பதினேழாம் பெட்டியின் பள்ளத்தில் அழுத்தி வைத்தார். சிவப்பு மறைந்தது. "பதினேழு" என்றார். பெட்டிக்காரன் இல்லை, யாரும் வாய் திறக்கவில்லை. அவரே பார்த்து, அவரே எழுதிக்கொண்டார்.

செய்த வேலைக்குக் கையெழுத்துப் போடும் என் உரிமை முத்திரையை மூன்று மாதத்துக்கு வாங்கி வைத்துக்கொண்டார்கள். அது எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, வாங்க வந்தவர்கள் வேண்டாமென்று போய்விட்டதாகச் செய்தி வந்தது. அதுதான் வலித்தது. கேன்டீனில் நான் தட்டோடு உட்கார்ந்தால், "பாக்கெட்ல கெடந்த ராட்செட்டுக்காக ஒரு கம்பெனியவே நிறுத்துனவன் வந்துட்டான்யா" என்பார்கள். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள். நானும் சிரிப்பேன். அடுத்த வருஷம் ஆள்குறைப்பு வந்தது. கடிதம் வாங்கினவர்களில் மணியமும் ஒருத்தன்.

அவன் லிங்கிக்கே திரும்பிப் போய் லாரி ஓட்டினான். கல்யாணம், கருமாதி என்றால் பார்ப்போம். "நல்லாருக்கியா?" "நல்லாருக்கேன்." அவன் என் முகத்தைப் பார்க்க மாட்டான், நான் அவன் முகத்தைப் பார்க்க மாட்டேன். என்னைக் குற்றம் சொல்கிறான் என்றே நினைத்தேன். சொல்லட்டும், நியாயம்தானே?

யாழினியின் போனுக்குப் பிறகு பந்தல் கட்ட முடியவில்லை. அவளுக்குப் பொய் சொல்லவும் வாய் வரவில்லை. மறுநாள் காலையில் மோட்டாரை எடுத்துக்கொண்டு லுக்குட்டுக்குப் போனேன். பட்டறை வரிசைக்குப் பின்னால் என்சிக் ஹாஷிமின் வீடு. எண்பதை நெருங்கிவிட்டார். கடிகாரம் இன்னும் மணிக்கட்டின் உட்பக்கம்தான். எலுமிச்சைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

நேராகக் கேட்டேன். "என்சிக், அந்த விற்பனை என்னாலதானே கெட்டுச்சு?"

அவர் குழாயை மூடினார். "இதைக் கேக்கவா இருபது வருஷம் கழிச்சு வந்தீங்க?"

பிறகு உட்கார வைத்துச் சொன்னார். ராட்செட் கைக்கு வந்த அன்று, வெள்ளை ஹெல்மெட்டுக்காரர்களில் மூத்தவர் கீழே இறங்கி வந்து நான் எழுதிய தாளைக் கேட்டாராம். என்சிக் ஹாஷிம் ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டியிருக்கிறார். 'பார்க்காமல் சொன்னேன். பிறகு பயந்து இருபது நிமிஷம் தே-ஓ குடித்தேன். பிறகு வந்து சொன்னேன்.' தே-ஓ இடத்தில் அந்த மனிதர் சிரித்துவிட்டாராம். பிறகு சொன்னாராம், "இந்தக் கம்பெனியில கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்னா அது இந்த ஹாங்கரைத்தான்."

"அப்ப ஏன் வாங்கல?"

"சின்னச் சின்ன ஊருக்குப் போற விமானங்கள நிறுத்தணும்னு அவங்க கேட்டாங்க. அரசாங்கம் முடியாதுன்னுச்சு. ரெண்டு பக்கமும் எறங்கி வரல. அவ்வளவுதான். உங்க ராட்செட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஹாங்கர் சார்பா அந்தப் பேச்சுல நானும் உட்கார்ந்திருந்தேன் கோபால்."

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. முதல் தடவையாக அவர் முன்னால் சத்தம் போட்டேன். "இருபது வருஷம் என்சிக்! ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"வெளிய பேச மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருந்தேன். அதோட..." குரல் தாழ்ந்தது, நான் காதைக் கிட்டக் கொண்டுபோனேன். "நீங்க இதைச் சுமந்துக்கிட்டு இருக்கீங்கன்னு எனக்குத் தெரியாது. நீங்க கேக்கவே இல்லையே."

அப்பாடா! அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வெட்கமாக இல்லை. வருகிற வழியில் மோட்டாரை நிறுத்தி தேங்காய்ப்பாலும் வெல்லமும் ஊற்றிய செண்டோல் இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். எனக்குச் சர்க்கரை வியாதி. டாக்டர் திட்டினால் திட்டட்டும்.

செண்டோல் கிண்ணத்தைக் கீழே வைத்ததும்தான் மணியத்தின் ஞாபகம் வந்தது. வீட்டுக்குத் திரும்பவில்லை, நேரே லிங்கிக்கு விட்டேன்.

வாசலில் லாரி டயர் மேல் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போகப் பார்த்தான். "உக்காருடா" என்றேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், சின்ன ஊர் விமானங்கள் வரைக்கும். அவன் முகம் என்னமோ மாதிரி ஆனது.

"அப்ப... என் பாக்கெட்டால இல்லையா?"

"உன் பாக்கெட்டா? நான் நிறுத்துனதாலன்னு இல்ல நெனச்சேன்!"

"நீ நிறுத்துனது சரிதான்டா. பாக்கெட்ல போட்டது நான்தானே? அத்தன பேரு வேலையும் என்னாலதான் போச்சுன்னு, உன் மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னு..." "யாழினி அந்த வேலைக்குப் போறேன்னப்ப எவ்வளவு சண்ட போட்டேன் தெரியுமா? நான் கெடுத்த எடத்துல போய் நிக்கப் போறாளேன்னு."

சொல்லிவிட்டு மடமடவென்று உள்ளே போய்விட்டான். இருபது வருஷமாக இரண்டு மடையன்கள் ஒரே பாரத்தை ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு, ஒருத்தனையொருத்தன் பார்க்காமல் திரிந்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவனை உதைக்கவும் தோன்றியது.

அந்த நேரம் யாழினி ஷிப்டு முடிந்து வந்து இறங்கினாள். "அங்கிள்! நீங்களா? அப்ப அந்தக் கதயச் சொல்லுங்க. எங்க கம்பெனி என்னா ஆவும்?"

"கம்பெனி என்னா ஆவும்னு எனக்குத் தெரியாதும்மா. விக்கிறதும் வாங்கறதும் பெரிய மேசைல நடக்கற சமாச்சாரம், உன் பெட்டியால அது நிக்காது. கதய உங்கப்பாவே சொல்வான். நீ பொறந்ததும் அதுல வருது."

உள்ளே அடுப்படிப் பக்கம் மூக்கைச் சிந்துவது மட்டும் கேட்டது. யாழினி பயந்துபோய் என்னைப் பார்த்தாள். நான் வாசலில் நின்றபடி, என்சிக் ஹாஷிம் மாதிரியே பேனா இல்லாத கையைத் தூக்கிக்கொண்டு, உரக்கக் கூப்பிட்டேன்.

"பதினேழு!"

ஒரு மூச்சு நேரம் காத்திருந்தேன். நான் வாயைத் திறக்கவில்லை.

"அடா!" என்று உள்ளேயிருந்து மணியத்தின் குரல் வந்தது.